அகத்தா வகுப்பில் புகழ்ச்சிக்குத் தடை

கடைசியாக எந்த மேடைக்குக் கீழே உட்கார்ந்து கைதட்டினீர்கள்? எதற்காகத் தட்டினோம் என்றாவது நினைவிருக்கிறதா?

அகத்தாவுக்கு இந்தக் கேள்வி மேல் அப்படி ஒரு பிரியம். பாக்கார் ஆராங்கில் உள்ள தன் வீட்டு முன்கூடத்தில், யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பார். மேடையைச் சொல்வார்கள், காரணத்துக்குத் தலையைச் சொறிவார்கள். சொறிவார்கள் என்று தெரிந்துதான் கேட்பார்.

பீடோங்குக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பிறந்தவர் அகத்தா. அப்பா ரப்பர் மரம் சீவினார், அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார். மரமும் மாதாவும் சேர்ந்தும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு சொந்த வீடு வாங்கித் தரவில்லை. வளர்ந்து தொழிற்சாலை வேலைக்குப் போனபோது, கழிப்பறைக்குப் போகும் பெண்கள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. ஆண்களுக்கு ஏன் அட்டை இல்லை என்று கேட்டார். தொல்லைக்காரி என்று பெயர் கிடைத்தது. பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னார். பொறுமையாக இருக்கச் சொன்னார் அவர். எது வரைக்கும் என்று அகத்தா கேட்டார்.

இப்போது அவர் செய்வது ஒரு விசித்திரமான வேலை. தோட்டத்து மக்களுக்கும் புறம்போக்குக் குடிசைக்காரர்களுக்கும் அவர்களுடைய உரிமைகளை எடுத்துச் சொல்லப் போகிறவர்களுக்கு, எப்படிச் சொல்ல வேண்டும் என்று பயிற்சி தருகிறார். கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கே கேள்வி கேட்கத் தெரிய வேண்டுமே. அதற்காகத் தோளில் குளியல் துண்டைப் பொன்னாடை போலப் போர்த்திக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் ஒய்.பி.யாக, அதாவது சட்டமன்ற உறுப்பினராக, உட்காருவார். எதிரே வருகிறவர் கும்பிடாமல், நன்றி சொல்லாமல், வாயைத் திறந்ததும் கேள்வியைக் கேட்க வேண்டும். கேட்டால் தேறிவிட்டார். பெரும்பாலானவர்கள் தேறவில்லை. கணவர் கிளாரன்ஸ் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, இந்த ஒய்.பி.க்கு மாதச் சம்பளம் எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போவார்.

அந்த வருஷத்து வகுப்பில் இரண்டு பேர் அகத்தாவின் உயிரை எடுத்தார்கள். இருவரும் மெராந்தித் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருப்பவர்கள். ராக்காயி தொழிற்சாலைக் கேன்டீனில் சமைப்பவர். எதிரே யார் உட்கார்ந்தாலும் அவர் வாயில் முதலில் வருவது "சாப்பிட்டீங்களா?" தான். திவாகரன் செம்பனைக் காய் ஏற்றும் லாரி ஓட்டுநர். ஆனால் பீடோங்கிலிருந்து ஜித்ரா வரை எந்தக் கல்யாணமானாலும் கோயில் விழாவானாலும் மைக் அவர் கையில்தான். துண்டு போர்த்திய அகத்தாவைப் பார்த்ததுமே அவருக்கு நாக்கு ஊறும்.

"வாடிய பயிருக்கு வான்மழையாய் வந்த எங்கள் தங்கத் தலைவி அவர்களே..."

"தம்பி, தண்ணி ஏன் வரலைன்னு கேளு. நான் மாப்பிள்ளை ஊர்வலத்துல வரல லா."

"கேக்கத்தான்கா போறேன். மரியாதை முடியட்டும்."

மரியாதை முடிந்ததே இல்லை.

தண்ணீர்ப் பிரச்சினை விளையாட்டல்ல. தோட்டம் கைமாறியதும் புதிய நிர்வாகம் லயத்துக் குழாயை அடைத்துவிட்டது. குடியிருந்தவர்கள் தாமாகவே கிளம்பிப் போய்விடுவார்கள் என்று கணக்கு. கோயில் திருவிழாவுக்கு மட்டும் லாரியில் தண்ணீர் வந்தது. அம்மனுக்கு அபிஷேகம் நடந்தது. ராக்காயி வீட்டில் சோறு வடிக்கப் பக்கத்து மலாய்க் கம்பத்து வீடுகளிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். சாமிக்குத் தாகம் எடுக்குமா என்று அகத்தா கேட்டதற்குக் கோயில் தலைவர் இரண்டு மாதம் பேசவில்லை. அதனால் நாட்டுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

ஒருவழியாகத் தொகுதியின் நிஜ ஒய்.பி. லயத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். தண்ணீரைப் பற்றி ராக்காயி கேட்பது, திவாகரன் மைக்கைப் பிடித்து அவரிடம் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவானது. திவாகரன் வாயைத் திறந்தால் வகுப்பிலிருந்து நீக்கிவிடுவதாக அகத்தா சொல்லியே அனுப்பினார்.

பொது மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். கடவுள் வாழ்த்து பாடினார்கள். மாலை, மறுபடியும் மாலை. கோயில் தலைவர் வரவேற்றார், முன்னாள் தலைவரும் வரவேற்றார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அகத்தா, ஒய்.பி.யின் உதவியாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவதைப் பார்த்தார். அப்போதுதான் ராக்காயியிடம் மைக் வந்தது.

"ஒய்.பி., சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டுவிட்டதாக ஒய்.பி. சிரித்துக்கொண்டே சொன்னார். ராக்காயிக்கு நிம்மதி. உட்கார்ந்துவிட்டார். கூட்டமும் கைதட்டியது. அகத்தா தலையில் கை வைத்துக்கொண்டார். ஒய்.பி. எழுந்து நின்று பொன்னாடைக்காகத் தோளைச் சற்றே தாழ்த்தினார்.

பொன்னாடை திவாகரன் கையில் இருந்தது. இன்னொரு கையில் மைக். திவாகரன் வாயைத் திறந்தார்.

"கருணைக் கடலே, ஏழைகளின் காவலனே..."

தொலைந்தது என்று நினைத்தார் அகத்தா. வகுப்பிலிருந்து பேரை அடித்துவிடுவதென்று மனதுக்குள் தீர்மானமே போட்டுவிட்டார்.

"...நமது லயத்துக் குழாயில் தண்ணீர் திறந்துவிடும் தேதியை, பொன்னாடை ஏற்கும் முன்பாக, இதோ, ஒய்.பி. அவர்கள் தம் பொன்வாயால் அறிவிக்கப் போகிறார்கள். பலத்த கரகோஷம்."

லயமே எழுந்து தட்டியது. பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி விசிலடித்தார்கள். தோளைத் தாழ்த்திய ஒய்.பி. அப்படியே நின்றார். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பார்ப்போம், பேசுவோம் என்றார். "பேசுவதாக அருளியிருக்கிறார்கள், தேதி இதோ வருகிறது" என்றார் திவாகரன், பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி. மறுபடியும் கைதட்டல். உதவியாளரிடம் குனிந்து ஏதோ கேட்ட ஒய்.பி., கடைசியில் அடுத்த மாதம் முதல் வாரம் என்றார். மைக்கில் சொன்னார். ஊரே கைபேசியில் பிடித்துக்கொண்டது.

திவாகரன் பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இது தண்ணி வர்ற அன்னிக்கு ஒய்.பி. இப்பவே போத்துனா அழுக்காயிடும்."

அன்று இரவு கிளாரன்ஸின் வேனில் திரும்பும்போது அகத்தா கைபேசியில் பிடித்ததை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார். புகழ்ச்சி ஒரு வியாதி, அதற்கு மருந்து தடைதான் என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தவர் அவர். அந்தத் தடையும் ஒரு மூடநம்பிக்கைதானா என்று கணவரிடம் கேட்டார். முதலில் சாப்பிடலாம் என்றார் கிளாரன்ஸ்.

தண்ணீர் சொன்ன வாரத்தில் வரவில்லை. திவாகரன் அந்தக் காணொளியை ஊர்க் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினார், பொன்னாடை இன்னும் காத்திருக்கிறது என்ற வாசகத்தோடு. அதற்கும் அடுத்த வாரம் குழாய் இருமியது, துருவைத் துப்பியது, பிறகு ஒழுங்காக ஓடியது. ஒய்.பி. வரவில்லை. காத்திருந்து பார்த்த ராக்காயி, பொன்னாடையை வாங்கிக் குழாய்க்கே போர்த்திவிட்டார். வேலை செய்தது அதுதானே.

அகத்தாவின் வகுப்பில் இப்போது புகழத் தடையில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் புகழலாம், பொன்னாடை மட்டும் கையை விட்டுப் போகக் கூடாது.

உங்கள் ஊரிலும் இந்த மாதம் ஒரு கூட்டம் இருக்கும். யாரோ தோளைத் தாழ்த்துவார், உங்கள் கைகள் தாமாகவே உயரும். ஒரு நொடி நிறுத்துங்கள். உங்கள் தெருவுக்கு என்ன வரவில்லையோ, அதைத் தேதியோடு கேளுங்கள். பதில் வந்த பிறகு தட்டுங்கள்.