படத்தில் இல்லாத வசனம்

அலுவலகத்தில் அவருக்குக் கொரியா என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மூத்த மெக்கானிக். கொரியா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் கையை நீட்டுவார். அந்த நாட்டுக்காரர் ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் கொரிய சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல அவரை விட்டால் அந்தக் கம்பெனியில் ஆளில்லை. அசலூர்க்காரன் அபிப்பிராயம்தான், இருந்தாலும் சொல்கிற தோரணையைப் பார்த்தால் அந்த நாட்டு சினிமாவே இவரிடம் கேட்டுவிட்டுத்தான் நடக்கிறது என்று தோன்றும்.

எதிர்க்கட்சி, ஸ்டோர் பொறுப்பாளர். உதிரிபாகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் கனத்த மனிதர், ஹாலிவுட் ரசிகர். டீ வேளையில் இரண்டு பேருக்கும் முட்டிக்கொள்ளும்.

"ஒரு நகரமே தண்ணியில மூழ்கற மாதிரி உங்க ஆளுங்க எடுப்பாங்களா? அதுக்கெல்லாம் ஹாலிவுட்காரன்தான்யா" என்று ஸ்டோர்காரர் ஆரம்பிப்பார்.

"நகரம் மூழ்கறதைக் காட்ட கம்ப்யூட்டர் போதும். ஒரு மனுஷன் மூழ்கறதைக் காட்டணும். அதுக்குத்தான் நடிகன் வேணும்."

"ஆமா, மூழ்கடிச்சே கொன்னுடுவான். காசு குடுத்து அழறதுக்கு எனக்கென்ன தலையெழுத்தா?"

அப்போதுதான் கொரியா டம்ளரைக் கீழே வைப்பார். "இதைக் கேளு. ஹாலிவுட்காரன் முதல் பத்து நிமிஷத்துலயே உன்கூட ஒரு ஒப்பந்தம் போட்டுடறான். உன்னைப் பத்திரமா வீட்டுக்கு அனுப்பிடறேன்னு. வெடிகுண்டு கடைசி நொடியில நின்னுடும். நாய் சாகாது. அப்பன் மகள்கிட்ட மன்னிப்புக் கேட்டுடுவான். கொரியாக்காரன் அந்த ஒப்பந்தத்துல கையெழுத்தே போட மாட்டான். போலீஸ்காரன் துரத்தும்போது சேத்துல வழுக்கி விழுவான், நீ சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே படம் உன் கழுத்தைப் பிடிச்சுடும். அவன் படத்தோட உயிரே முடிவுலதான் இருக்கு. அந்த முடிவை எவனாவது மாத்தினான்னா அது கொலைக்குச் சமம்."

சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். பேச்சு என்னவோ நல்ல பேச்சுதான். ஆனால் ஊருக்குத்தான் உபதேசம். அந்தக் கொலையை இவர் வாராவாரம் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்துகொண்டிருந்தார்.

கதை இப்படி. இவர் மனைவி ஒரு மருத்துவமனையில் துணிகளை மடித்து அடுக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். கொதிக்கக் கொதிக்க வெளியே வரும் படுக்கை விரிப்புகளை நாளெல்லாம் மடித்துவிட்டு வருகிறவளுக்கு ஒரே ஆறுதல் சினிமா. அதிலும் கொரியப் படம் என்றால் உயிர். ஆனால் சப்டைட்டில் ஆங்கிலத்தில் ஓடும். எழுத்து தெரியும், வேகம் வராது. ஒரு வரியை அவள் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் திரையில் ஒரு கொலையே நடந்து முடிந்துவிடும். அதனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். லிஃப்ட் கம்பெனியின் தடித்தடிப் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டித் தேறிய ஆங்கிலம் அவருடையது. கதாநாயகன் குரல், வில்லன் குரல், குழந்தை குரல் என்று மாற்றி மாற்றிச் சொல்லுவார். அந்த இரண்டு மணி நேரமும் அந்த வீட்டில் அவர்தான் கொரியா.

முதல் பொய் இரக்கத்தில்தான் பிறந்தது. ஒரு படத்தில் கடைசியில் ஒரு குழந்தை இறந்துபோனது. அவர் உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டார். அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. விரிப்பு மடிக்கும்போதுகூட அந்தக் குழந்தை ஞாபகம்தான் என்றாள். அடுத்த படத்தில் ஒரு கிழவர் கண்ணை மூடியபோது, "மயக்கம்தான், டாக்டர் பயப்பட வேண்டாங்கறாரு" என்று சொல்லிப் பார்த்தார். எடுபட்டது. அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? கொஞ்சம் கொஞ்சமாகக் கை நீண்டது. பிரிந்தவர்கள் அடுத்த மாதம் சந்திப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். ஜெயிலுக்குப் போனவனுக்கு மேல்முறையீட்டில் நம்பிக்கை இருந்தது. ஹாலிவுட் படத்தில் இந்த வேலை நடக்காது. அங்கே பின்னணி இசையே எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். கொரியாக்காரர்கள் கடைசிக் காட்சியில் இசையை நிறுத்திவிடுவார்கள். நடிகன் முகத்தை அசைக்காமல் ஒரு வரி சொல்லுவான், திரை இருண்டுவிடும். அந்த முகத்தின்மேல் எந்த வசனத்தை வைத்தாலும் உட்கார்ந்துகொள்ளும்.

"கொரியாக்காரங்க ரொம்ப நல்லவங்க, இல்லீங்க?" என்பாள் அவள். "ஆமா" என்பார் அவர், என்னவோ அத்தனை பேரையும் தானே வளர்த்து ஆளாக்கிய மாதிரி. எடுத்தவன் முடிவைவிடத் தன் முடிவு நன்றாக இருக்கிறது என்ற மிதப்பும் உள்ளுக்குள் வந்துவிட்டிருந்தது.

அவளுக்கு ஒரே அண்ணன். பஸ் ஓட்டியவர், அதிகம் பேசாதவர். அவர்கள் அப்பாவுக்கு ஒரு நாள் மாலை நெஞ்சு வலித்தது. வாயுதான், காலையில் பார்க்கலாம் என்று அவரே சொல்லிவிட்டதால் அண்ணன் வேலைக்குப் போனார். காலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது எல்லாம் முடிந்திருந்தது. சாவு வீட்டில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "உன் டியூட்டிதான் அப்பாவைக் கொன்னுச்சு" என்று தங்கை கத்திவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

பிற்பாடு, தன் மருத்துவமனையிலேயே ஒரு டாக்டரிடம் விவரத்தைச் சொல்லிக் கேட்டாள். முதல் நாளே கொண்டுபோயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று அவர் சொல்லிவிட்டார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அண்ணனிடம் போக வேண்டும், போக வேண்டும் என்று வருஷங்கள் ஓடின. "என்னன்னு சொல்லி ஆரம்பிக்கறது?" என்பாள். அந்த இடத்திலேயே நின்றுபோவாள்.

இந்த நிலைமையில்தான் அந்த சைக்கிள் கடைப் படம் வந்தது. மடிப்புப் பிரிவில் யாரோ புகழ்ந்தார்கள் என்று அவளே கேட்டாள். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. படத்தை முன்கூட்டியே தனியாகப் பார்த்துத் தயார் செய்துகொள்வார். ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில், உதிரிபாகம் வருகிற வரைக்கும் செல்போனில் பார்த்தார். வீடு தீப்பிடித்ததற்கு அண்ணன்தான் காரணம் என்று ஊர் முன்னால் பழி சொல்லிவிட்டுப் போன தங்கை, பல வருஷம் கழித்து அவனுடைய சைக்கிள் கடை வாசலில் வந்து நிற்கிறாள். வாயைத் திறக்கவில்லை. அண்ணன் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு பார்க்கிறான். "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்கிறான். அவள் சும்மா நிற்கிறாள். திரை இருண்டுவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது, கதவுச் சத்தம்.

இதைக் கேட்கிற தெம்பு தன் மனைவிக்கு இல்லை என்று அந்த மோட்டார் அறையிலேயே அவர் தீர்ப்பு எழுதிவிட்டார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் பார்த்தார்கள். கடைசிக் காட்சியில் அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தபோது, அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடங்கிய குரலில் சொன்னார்: "ஒண்ணும் சொல்ல வேண்டாம். உள்ள வா."

திரை இருண்டது. கதவுச் சத்தம் கேட்டது. "உள்ள கூட்டிட்டுப் போயிட்டான்" என்றார்.

அவள் வெகுநேரம் இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாயால கேக்கணும்னு இல்ல, இல்லீங்க? போய் நின்னா போதும்" என்றாள். அவர் விளக்கைப் போட எழுந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவள் தலை வாரிக்கொண்டு நல்ல புடவை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். முகத்தில் சின்னப் பெண்ணைப்போல ஒரு கூச்சம்.

"அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வர்றேங்க."

அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். படத்தில் அப்படி இல்லை, நான்தான் மாற்றினேன், போனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டுவிடு என்று. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த முகத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. கெட்டிக்காரன் என்ற பெயரை இழக்கவும் மனசு வரவில்லை. இரண்டாவதுதான் பெரிய காரணம் என்பதை அவர் ஒத்துக்கொள்ள வெகுகாலம் ஆனது.

"மழை வர்ற மாதிரி இருக்கு. குடை எடுத்துட்டுப் போ" என்றார்.

போன வேகத்தில் அவள் திரும்பி வந்தாள். குடை நனையவே இல்லை. புடவையை மாற்றிக்கொண்டு வந்து, "கதவைச் சாத்திட்டாரு" என்றாள்.

அப்போதாவது வாயைத் திறந்தாரா மனிதர்? திறந்தார். "விடு. உங்க அண்ணன் எப்பவுமே கல்நெஞ்சக்காரர்தானே" என்றார். தன் தலையில் இருந்த பாரத்தைத் தூக்கி, அங்கே இல்லாத மனிதர் தலையில் வைத்துவிட்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் அந்த அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். தங்கை போய்க் கூட்டத்துக்குப் பின்னால் சுவரோரம் நின்றுவிட்டு வந்தாள். அழவில்லை. இந்த முறை ஒரு வார்த்தையும் தவறிவிடக் கூடாது என்று வாயை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தாள் என்று யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறு வருஷம் ஒரு நாள், வேலை முடிந்து வந்தவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த சைக்கிள் கடைப் படம் இன்னைக்கு எங்க ஓய்வு ரூம் டிவில போட்டான். தமிழ்ல."

கையிலிருந்த தட்டை அவர் துடைத்த இடத்தையே துடைத்தார். "ம்."

"கடைசில அவன், 'ஒண்ணும் சொல்ல வேண்டாம், உள்ள வா'ன்னு சொல்லலீங்க."

"டப்பிங்ல மாத்தியிருப்பானுங்க. அவனுங்களுக்கு இதே வேலை."

சொன்ன மறுகணமே தன்மேல் அவருக்கே அருவருப்பாக இருந்தது. அவள் கோபப்படவில்லை. அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"நானும் முதல்ல அப்படித்தாங்க நினைச்சேன். அப்புறம் அவன் மூஞ்சியைப் பார்த்தேன். அந்த மூஞ்சிக்கு இந்த வசனம்தான் பொருந்துது. 'ஏதாவது சொல்லணுமா'ன்னு கேக்கறான்."

அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"அண்ணனும் அன்னைக்கு அதையேதான் கேட்டாரு" என்றாள். "கதவைப் பிடிச்சுக்கிட்டு, 'ஏதாவது சொல்லணுமா'ன்னு. நான் சிரிச்சுக்கிட்டு நின்னேன். ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு அவரே அடுத்து சொல்லுவாருன்னு நின்னேன். அவரும் உடனே சாத்திடலீங்க. ரொம்ப நேரம் கதவைப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு."

அந்தச் செய்தியை அவள் இத்தனை நாள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மச்சான் கல்நெஞ்சக்காரர் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று அவள் கேட்டாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

"நீ அழுவியேன்னுதான்... அன்னைக்கு அந்தக் குழந்தை செத்ததுக்கே நீ சாப்பிடல. உன் நல்லதுக்குத்தான் நான்..."

அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் கேட்டாள். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, "சரி" என்று எழுந்து கைகால் கழுவப் போய்விட்டாள்.

இப்போது ஸ்டோர்காரர் வம்புக்கு இழுத்தால் கொரியா டீயை ஊதிக் குடித்துக்கொண்டு, "எனக்கென்னய்யா தெரியும், நான் அசலூர்க்காரன்" என்கிறார். உடம்புக்கு ஏதோ சரியில்லை என்று ஸ்டோர்காரர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் படம் மட்டும் நிற்கவில்லை. ஆனால், "நீங்க சொல்ல வேண்டாங்க, நான் மூஞ்சியைப் பார்த்துப் புரிஞ்சுக்கறேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே எழுத்துகள் ஓடுகின்றன, அவர் மனசுக்குள் படித்துக்கொள்கிறார். சில சமயம், திரையில் யாரும் பேசாத ஒரு காட்சி வரும்போது, அவள் அவர் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்க்கிறாள். சொல்ல வேண்டியது 'என்னை மன்னிச்சுடு' என்பதுதான் என்று அவருக்குத் தெரியும். உலகத்து நடிகர்களுக்கெல்லாம் குரல் கொடுத்த அந்த வாயை அவர் திறப்பதற்குள் அவள் திரைப் பக்கம் திரும்பிவிடுகிறாள்.