கல் ஒரு கப்பல்

நான் ஜாஸ் பாடுகிறேன் என்று சொன்னால் போர்ட் பிளேரில் பெரும்பாலானவர்கள், "இங்கிலீஷ் பாட்டா?" என்று கேட்பார்கள். முன்பெல்லாம் விளக்குவேன். தாளம் தன் வழியில் போகும், குரல் கொஞ்சம் பிந்தி வரும், பாடுகிறவர் பாதியில் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளலாம் என்றெல்லாம். இப்போது "ஆமாம்" என்று மட்டும் சொல்கிறேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவ்வளவு பேச முடிவதில்லை.

நான் கல்லூரியில் படித்தபோது இங்கே இணையம் மகா மோசம். ஒரு பாட்டைக் கேட்க உட்கார்ந்தால் நடு வரியில் நின்றுவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். அப்படிக் கேட்டே கற்றதால் எந்த வரியையும் தாமதமாக எடுக்கும் பழக்கம் வந்துவிட்டது. பிறகு ஒரு ஹோட்டலில் சனிக்கிழமை மாலைகளில் பாடக் கூப்பிட்டார்கள். அந்தத் தாமதம்தான் அவர்களுக்குப் பிடித்திருந்தது. யாரோ ஒரு பயணி அதைப் போனில் பிடித்து இணையத்தில் போட, சென்னையில் சிறியதாக ஒரு இசை நிறுவனம் நடத்துகிறவர் என்னைத் தேடிப் பேசினார். தமிழில் நான்கு பாட்டு. நானே எழுதி, நானே பாடிப் பதிவு செய்து அனுப்பினால் அவர் வெளியிடுவார்.

அப்போது என் மகளுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. புட்டியைத் தொடவே மாட்டாள். கணவருக்குத் திக்லிபூர் போகும் கப்பலில் வேலை. லம்பா லைன் வீட்டில் எங்களோடு இருப்பது அவருடைய அக்கா. அவர் என்னிடம் நேராகச் சொல்லமாட்டார். என் மகளிடம் சொல்வார்.

"ஏண்டி செல்லம், உங்கம்மா உனக்கு ஒரு பாட்டாவது முழுசாப் பாடியிருக்காளா? பாதியில பபபா டபபான்னு எங்கயோ போயிடறா."

"அண்ணி, அந்தப் பாட்டே அப்படித்தான்."

"தெரியும், தெரியும். வார்த்தை மறந்துபோனா அப்படித்தான்."

சிரித்துவிட்டேன். ஆனாலும் அவர் சொல்வது சரியோ என்று இரவெல்லாம் தோன்றும். பதிவு செய்யும் அறை ஜங்லிகாட்டில், ஸ்கூட்டர் பட்டறைக்கு மேல் மாடியில். கீழிருந்து வரும் வண்டிப் புகை குழந்தைக்கு ஆகுமா? ஆகாது என்றுதான் தோன்றியது. அவளையும் தூக்கிக்கொண்டு போய், அங்கே ஜன்னல் இடுக்கில் ஈரத் துணியை அடைத்தேன்.

அறைக்குச் சொந்தக்காரர் வங்காளி. நான் அவரை தாதா என்பேன். இங்கே அதற்கு அண்ணன் என்றுதான் பொருள். ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்து, "அரே பாய், பாஞ்ச் மினிட்!" என்று கத்துவார். கீழே ஆக்ஸிலரேட்டர் முறுக்குவது நிற்கும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் நான் பாடிவிட வேண்டும்.

நான்காவது பாட்டு நான் மாசமாக இருந்தபோது, கணவரின் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் எழுதியது. 'கல் ஒரு கப்பல்' என்று தொடங்கும். என் பெற்றோர் பேசியது சிலோன் தோட்டத்துத் தமிழ். நாங்கள் தெருவின் இந்தியையும் அதில் சேர்த்துக்கொண்டோம். இந்தியில் நேற்றும் கல்தான், நாளையும் கல்தான். "கல் போனேன்", "கல் போவேன்" என்போம். நேற்றா நாளையா என்று வினைச்சொல் காட்டிவிடும். என் வரியில் வினைச்சொல் இல்லை. போன கப்பலும் அதில் உண்டு, வரப்போகும் கப்பலும் உண்டு.

நான்கையும் அனுப்பியதும் சென்னைக்காரர் கூப்பிட்டார்.

"மூணு பாட்டு பிரமாதம்மா. நாலாவதுல ஒரு சந்தேகம். கப்பல்ல என்ன கல்லு வருது? கருங்கல்லா, ஜல்லியா?"

"அதுவும் மெயின்லேண்ட்லேர்ந்து கப்பல்லதான் வருது சார். ஆனா இது நேத்து. நாளைக்கும்தான்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"அது இந்திம்மா. கேக்கறவன் சிரிப்பான். 'நாளை ஒரு கப்பல்'னு மாத்திடுங்க, நம்பிக்கையா இருக்கும். இது இப்படியே இருந்தா மத்த மூணையும் சேர்த்து நிறுத்தி வைக்க வேண்டியதுதான்."

"சரி சார்," என்றேன். எதிரில் இருப்பவர் முடிப்பதற்குள் சரி சொல்லிவிடும் ஆள் நான்.

சொன்னபடி போய்ப் பாடினேன். தாதா "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார். ஹெட்போனில் கேட்டேன். சுருதி சுத்தம். ஆனால் 'கல்' என்றால் நாக்கு மேலே ஒட்டி நின்றுவிடும். அந்த மௌனத்தில் காத்திருந்துவிட்டுத்தான் 'ஒரு கப்பல்' என்று வருவேன். 'நாளை' நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய்த் தாளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. போன கப்பலைக் காணோம். பாடுகிற பெண் இந்த ஊர்க்காரியே இல்லை.

அன்று மாலை கணவரிடம் போனில் சொன்னேன். "பாட்டு உன்னுது. ஆனா நாலும் போயிடுமேடி," என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடி ஜங்லிகாட் போனேன்.

"தாதா, 'நாளை' பாடினதை டிலீட் பண்ணுங்க."

"பாகல் ஹோ க்யா? பைத்தியமா? இருக்கட்டும் தீதி, எதுக்காவது உதவும்."

உதவும் என்பதுதான் எனக்குப் பயம். அது இருந்தால், அடுத்த முறை சென்னைக்காரர் கேட்டதும் அனுப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். மகள் மவுஸைப் பிடுங்க வந்தாள். அவள் கையை விலக்கிவிட்டு நானே அழித்தேன். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தேன். அங்கிருந்தே சென்னைக்குப் போன் போட்டேன்.

"புது டேக் இல்லை. அழிச்சாச்சு."

"அதுக்கென்னம்மா, மறுபடி பாடுங்க."

"மாட்டேன்." சார் சேர்க்க மறந்துவிட்டேன். பிறகும் சேர்க்கவில்லை.

"சரி, பாட்டுக்குக் கீழே அந்த வார்த்தைக்கு அர்த்தமாவது போட்டுடலாம்."

"வேண்டாம். உங்க ஊர்ப் பாட்டுல வர்ற பேச்சுக்கெல்லாம் எங்களுக்கு யாரு அர்த்தம் போட்டாங்க? நாங்களே கேட்டுக் கேட்டுப் புரிஞ்சிக்கிட்டோம். அவங்களும் கேக்கட்டும்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். வயர்களுக்கு நடுவே உட்கார்ந்து மகளுக்குப் பால் கொடுத்தேன். அவசரப்பட்டுவிட்டேனோ, கொஞ்சம் பணிவாகச் சொல்லியிருக்கலாமோ என்று வீடு வரும்வரை ஆட்டோவில் யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன்.

அவர் இன்னும் கூப்பிடவில்லை. நான்கு பாட்டும் என்னிடம் இருக்கின்றன. அவர் போடாவிட்டால் நானே போடுவேன். கல் என்று கேட்டு யாராவது சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். அந்த வரியில் ஒரு வினைச்சொல்கூட நான் சேர்ப்பதாக இல்லை.