பூசிய மருக்களும் பூசாத மருவும்

குணமானால் டாக்டர் கைராசிக்காரர், குணமாகாவிட்டால் கம்பவுண்டர் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்பதுதான் எங்கள் தொழிலின் நியாயம். பாட்டிலில் அளவுச் சீட்டு ஒட்டியே காலம் தள்ளிய சக கம்பவுண்டர்களே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் ஒரு தோல் டாக்டரிடம் இருந்தேன். மருவுக்கு அங்கே ஒரு பழுப்பு மருந்து உண்டு. பெயர் போடோபிலின். இமயமலைப் பக்கம் முளைக்கிற ஒரு செடியின் வேரிலிருந்து எடுக்கும் பிசின். அதைச் சாம்பிராணி டிங்சரில் கரைத்து வைப்பேன். மருவைச் சுற்றி வாசலின் தடவி, குச்சி முனையில் பஞ்சு சுற்றி, மருவின் தலையில் மட்டும் தொட்டு வைக்க வேண்டும். ஆறு மணி நேரத்தில் கழுவிவிட வேண்டும்.

வேர்தானே

சாக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவருக்குக் குதிகாலில் மரு. இங்கிலீஷ் மருந்து உடம்பைக் கெடுக்கும் என்று முரண்டு பிடித்தார். இது வேரிலிருந்து எடுத்தது என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். முகம் மலர்ந்துவிட்டது. காலை நீட்டினார்.

மூன்றாம் நாள் நொண்டிக்கொண்டு வந்தார். குதிகால் கொப்பளித்துப் போயிருந்தது. மனுஷன் கழுவவே இல்லை! மேலே துணியைக் கட்டி, மருந்து நன்றாக ஊறட்டும் என்று விட்டிருக்கிறார். களிம்பு போட்டுக் கட்டுக் கட்டினேன். எனக்கு நல்ல திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவரோ என்னைத்தான் தேற்றினார்: "நீங்க வெசனப்படாதீக. வேருதானே, சாதுவா இருக்கும்னு நான்தான் நெனச்சுப்புட்டேன்."

சீடை

அடுத்தவர் ஓர் ஆச்சி. வசதியான வீடு. விரல்களில் வரிசையாக மரு. வாரம் தவறாமல் வந்து பூசிக்கொண்டார். சொன்ன நேரத்துக்குக் கழுவினார். எல்லா நோயாளியும் இப்படி இருந்தால் எங்களுக்கு வேலையே இருக்காது. ஆறாவது வாரம் விரல்கள் சுத்தமாகிவிட்டன.

தூக்குச் சட்டி நிறையச் சீடையோடு வந்து நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, முதல் வாரமே கோயில் ஊருணியில் உப்பும் மிளகும் போட்டிருக்கிறார். உப்புக் கரைந்த மாதிரி மருவும் கரைந்துவிட்டதாம். அப்படியென்றால் எனக்கு எதற்குச் சீடை என்று கேட்டேன். "சாமி கரைக்கையிலே நீங்க குறுக்கே நிக்காம இருந்தீகள்ல தம்பி, அதுக்குத்தான்."

சொல்லாத சேதி

காளையார்கோவிலிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் பஸ் ஏறி வந்தார்கள். மருமகளுக்கு உள்ளங்காலில் மரு. பெண்களிடம் முழுகாமல் இருக்கிறார்களா என்று கேட்காமல் இந்த மருந்தைத் தொடக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "கல்யாணமாகி ஆறு வருஷமா அதுக்குத்தானே காத்துக் கெடக்கோம்" என்றார் மாமியார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் பாட்டிலைத் திறந்து பஞ்சை நனைத்தேன்.

எல்லாருக்கும் அந்தச் சாம்பிராணி வாசம் பிடிக்கும். இவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. வெறும் வயிற்றோடு வந்தவள் என்றார் மாமியார். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. பாட்டிலை மூடிவிட்டு, வெளியே போய் இன்னொரு தடவை, மெதுவாகக் கேட்டேன். அவள் அழுதுவிட்டாள். நாள் தள்ளி ஐம்பது நாளாகிறது. இதற்கு முன் இரண்டு தடவை வீட்டில் சொல்லி, இரண்டும் தங்கவில்லை. "சொன்னா நிக்க மாட்டேங்குதுங்கய்யா. மூணு மாசம் கழியட்டும்னு வாயைத் தொறக்கலை."

டாக்டர் சொன்னது

டாக்டரிடம் ஓடினேன். அவர் மாமியாரைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சேதியைச் சொன்னார். மாமியார் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. அவர்கள் போன பிறகு டாக்டர் விளக்கினார். மரு என்பது தோலின் அணுக்கள் ஒன்று இரண்டாகப் பிரிந்து, கண்டபடி பெருகுவது. பிரியப் போகிற நேரத்தில் இந்த மருந்து புகுந்து தடுத்துவிடும். பிரிய முடியாத அணு செத்து உதிர்ந்துவிடும். தோல் வழியே ரத்தத்திலும் கலந்துவிடும்.

அத்தனை நாள் கலக்கிய மருந்து எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவளுக்கு வந்த குமட்டலுக்கு இன்றைக்கும் மனசுக்குள் நன்றி சொல்கிறேன். டாக்டர் கடைசியாகச் சொன்னதும் மறக்கவில்லை: "மருவும் வளருது, வயித்துப் புள்ளையும் வளருது. எது எதுன்னு மருந்துக்குத் தெரியாது முத்தையா. நமக்குத்தான் தெரிஞ்சிருக்கணும்."

இடுப்பில் ஒன்று

ஒன்றரை வருஷம் கழித்து அவள் வந்தாள், இடுப்பில் கொழுகொழுவென்று ஒரு பெண் குழந்தையோடு. அது என் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன்?

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மரு இன்னும் போகவில்லையாம். இப்போது பூசலாம், ஒரு பயமும் இல்லை என்று மருந்தை எடுக்கப் போனேன். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு சிரித்தாள். "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்ங்கய்யா. உங்களைப் பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

எத்தனையோ மருக்களை உதிர வைத்தும் வராத நல்ல பேர், நான் தொடாமல் விட்ட ஒற்றை மருவால் எனக்கு வந்து சேர்ந்தது.