விளக்கேற்றிய பிறகு வந்தவர்கள்

மூடிய தட்டுகளோடு படிக்கட்டருகே இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் கடைசி வீட்டு மலாய்க்கார முஸ்லிம் அம்மா; மலாயில் அத்தை என்று பொருள்படும் மக்சிக் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். மற்றவர் எங்கள் பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா. காரிடாரில் விளக்கின் முன் உட்கார்ந்து நான் சாமிப்பாட்டு பாடிக்கொண்டிருந்தேன். அது முடியட்டும் என்றுதான் காத்திருக்கிறார்கள் என்பது உறைத்ததும் அடுத்த வரி வரவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. கம்பம் என்று நாங்கள் சொல்லும் கிராமத்து வீட்டை விட்டுச் சிங்கப்பூரின் புக்கிட் மேரா அடுக்குமாடிக்கு வந்த புதிதில், கதவைச் சாத்திக்கொண்டால் பக்கத்தில் யாரென்றே தெரியாமல் போகும் என்று பயந்தவர் நர்ஸ் அக்காதான். கத்தோலிக்கர். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டினார். மாதம் ஒரு ஞாயிறு மதியம், ஏழு வீட்டாரும் காரிடாரில் பாய் விரித்துச் சேர்ந்து சாப்பிடுவதென்று முடிவானது. பன்றியும் மாடும் கூடாது, வேறு விதியில்லை.

மறு வருடம் என் கணவர் வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்தார். இரண்டு மாதம் படுக்கை. தினமும் வேலை முடிந்து வந்து புண்ணுக்குக் கட்டு மாற்றியவர் நர்ஸ் அக்கா. கஞ்சி வைத்துக் கொடுத்தவர் மக்சிக். என் கணவர் எழுந்து நடந்த மாதம், தேக்கா சந்தையில் பூ வாங்கி வந்து, சாப்பாட்டுக்கு முன் விளக்கேற்றிப் பாடினேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அடுத்த மாதமும் ஏற்றினேன். அதுவே வழக்கமாகிவிட்டது. மக்சிக் தாமதமாக வர ஆரம்பித்ததை நான் கவனிக்கவில்லை.

நர்ஸ் அக்கா கவனித்தார். துணி காயப்போடும்போது மெதுவாகச் சொன்னார்: "விளக்க வீட்டுக்குள்ள ஏத்திட்டு வாயேன். மக்சிக் சங்கடப்படுறாங்க லா."

"நீங்க வேதக்காரங்க. அதான் உங்களுக்குப் பொறுக்கல," என்றேன்.

அவர் கையிலிருந்த துணியைப் பிழிந்து முடித்துவிட்டு உள்ளே போனார். அடுத்து வந்த சாப்பாட்டு ஞாயிறன்றுதான் படிக்கட்டருகே மக்சிக்கோடு நின்றார்.

பாட்டைப் பாதியில் நிறுத்தினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க விளக்கை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி, மக்சிக்கின் கையைப் பிடித்து, எனக்குத் தெரிந்த மலாயில் மன்னிப்புக் கேட்டேன். "உன் புருஷனுக்காக நானும் தொழுதேன், என் வீட்டுக்குள்ளே," என்றார் அவர். சொல்லிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். அதன்பின் அவரவர் பிரார்த்தனையை அவரவர் வீட்டில் முடித்துக்கொண்டே வந்தோம்.

நர்ஸ் அக்காவிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை. தினமும் பேசினோம், குழம்பு கைமாறியது, அந்தப் பேச்சைத் தவிர எல்லாம் பேசினோம். எண்பதுகளின் நடுவில் அவர் மகளோடு வேறு பேட்டைக்குக் குடிபோனார். சாமான் ஏற்றிய லாரி கீழே நிற்கும்போதுதான் கேட்டேன்: "அன்னைக்கு நான் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்காக்கா?"

"இருக்கு," என்றார். "அந்த வாரம் பூசைக்குப் போனேன், ஜெபிக்க முடியல. உன் மேல அவ்வளவு கோவம்."

"இப்போ?"

"இப்போ இல்லன்னு சொன்னா நம்புவியா?"

நம்புவதாகத் தலையாட்டினேன். என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் படியிறங்கினார். இப்போது பொங்கோலில் என் மகள் வீட்டுத் தளத்தில் யாராவது விருந்துக்கு அழைத்தால், தட்டை வாங்குவதற்கு முன் வராதவர் யாரென்று கண் தேடுகிறது. எல்லோரும் வந்திருந்தாலும் ஒருமுறை எழுந்து லிஃப்ட் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.