காத்து இருக்கு, மாப்ளே

தாராவியில் பிரேக் வேலை என்றால் மாசானம்தான். மாதுங்கா, செம்பூர் வரை அவன் கைக்குப் பெயர் உண்டு. அவன் பெயர்தான் கொஞ்சம் இடக்கு. சுடுகாட்டுச் சாமியின் பெயரைக் கொண்டவனிடம் போய் உயிரை ஒப்படைக்கிறோமே என்று புது டிரைவர்கள் முனகுவார்கள். "எங்கிட்ட வந்தா அங்க போவேண்டாம் வே" என்பான் அவன்.

அறுபத்தேழாம் வருஷத்து மழைக்காலத்தில் அவன் பட்டறைக்கு ஒரு யுத்தகாலத்து லாரி வந்து நின்றது. டிராம்பே பக்கத்து இறக்கம் ஒன்றில் பிரேக் பிடிக்காமல் போய், அதன் டிரைவர் இனாயத்துல்லா பாய் செத்துப்போயிருந்தார். இனி அதை ஓட்டப்போகிறவன், இத்தனை நாள் அதில் கிளீனராக இருந்த பூலோகம். மாசானத்தின் தங்கை கனகவள்ளியின் புருஷன்.

"அண்ணே, நீ சரின்னு சொன்னாத்தான் இவுகளை அதுல ஏத்துவேன்" என்று அவள் சொல்லிவிட்டாள்.

அடிபட்ட சீமை வண்டி ஒன்றின் டிஸ்க் பிரேக்கைக் குர்லா பழைய இரும்புக் கடையில் பிடித்து வந்து, முன் சக்கரங்களில் மாட்டினான் மாசானம். பழைய பிரேக் ஆயில் குழாய் சைலன்சரை ஒட்டி ஓடியது. சூட்டில் ஆயில் கொதித்து, குழாய்க்குள் காற்றாகி, பாயின் காலைக் கைவிட்டிருக்கிறது. புதுக் குழாயைச் சட்டத்தின் மறுபக்கமாக இழுத்துக் கிளிப் போட்டான். சக்கரம் எவ்வளவு திரும்பினாலும் ரப்பர் குழாய் இழுபடாதபடி தளர்வும் விட்டான்.

ஆனாலும் பெடல் சேற்றில் கால் வைத்ததுபோல் அமுங்கியது. பெடல் மிதிக்கப் பூலோகத்தைச் சீட்டில் உட்காரவைத்துவிட்டு வண்டிக்கடியில் ஊர்ந்தான். ஓரிடத்தில் குழாய் ஒட்டகத் திமில்போல் மேலே வளைந்திருந்தது.

"காத்து இருக்கு மாப்ளே! பாயைக் கொன்னதும் இந்தக் காத்துதான். இன்னைக்கு வெளியேத்திருவோம்!"

வெளியே வானம் இருண்டு, தகரக் கூரையில் மழை இறங்கியது. திமிலைத் தட்டி நேராக்கிவிட்டு, "மிதி!" என்று கத்தினான்.

தட், தட். அப்புறம் பெடல் இறங்கியது. காற்றை விடும் திருகைத் தளர்த்தினான், ஆயிலோடு குமிழி குமிழியாக வந்தது. மூடினான். "விடு!" பெடல் ஏறியது. ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு தட்டு. குமிழி நிற்கும்வரை அந்தக் கால் சலிக்கவே இல்லை.

வெளியே வந்தால், சொட்டச் சொட்ட நனைந்தபடி தெருவிலிருந்து பூலோகம் வருகிறான். கையில் எலுமிச்சம்பழமும் திருநீறும்.

"எங்க போயிட்டு வாரீரு மாப்ளே?"

"காத்து இருக்குன்னு நீங்கதான மச்சான் சொன்னீய? அப்பவே குதிச்சு ஓடிட்டேன். கோயில் திருநீறு இது, பூசுங்க."

"அட கூறுகெட்டவரே, அது குழாயில அடைச்ச காத்து வே, பேய்க்காத்து இல்ல!" என்று சிரித்த மாசானத்துக்குப் பாதியிலேயே சிரிப்பு நின்றது. "அப்ப, ரெண்டு தட்டு தட்டி மிதிச்சது நீரு இல்லியா?"

எலுமிச்சம்பழம் உருண்டு லாரிக்கடியில் போனது.

"அது பாய் வழக்கம்லா, மச்சான்."

தங்கைக்கு என்ன சொல்வது? மாசானம் ஏறிப் பெடலை மிதித்தான். கருங்கல்போல் நின்றது. பூலோகத்தை ஓட்டச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

பாய் செத்த அதே இறக்கத்தில், மழைத்திரையைக் கிழித்துக்கொண்டு ஓர் எருமை குறுக்கே வந்தது. பூலோகத்தின் கால் பெடலுக்குப் போகுமுன்னே தட், தட் என்று கேட்டது. எருமையின் மூச்சு முன்விளக்கில் படிய, லாரி நின்றது.

"பிடிச்சிட்டு, மச்சான்."

எது பிடித்தது என்று மாசானம் கேட்கவில்லை. கனகவள்ளியிடம், "ஏத்தி அனுப்பு தாயி, ஒண்ணும் வராது" என்று மட்டும் சொன்னான்.

அதன்பின் அவன் வாயில் காத்து என்ற சொல் வந்ததில்லை. இந்திக்காரனைப்போல 'ஹவா' என்பான். வண்டிக்கடியில் போனால், "மிதி" என்று கத்துமுன் தலையை நீட்டி, சீட்டில் யார் என்று பார்த்துக்கொள்வான்.

அந்த லாரி வந்தால் மட்டும் பார்ப்பதில்லை.