எஞ்சின் இளைத்தது, வண்டி எழும்பவில்லை

1. நங்கூரம்

நின்று ஓட்டும் ஜெட் ஸ்கீயில் சீட் கிடையாது. ஓட்டுகிறவர் பின்பக்கம் முட்டி போட்டு ஹாண்டிலைப் பிடித்துக்கொள்வார். வேகம் ஏறும்போது வண்டியின் வால் தண்ணீருக்கு மேலே வரும். அதன் பிறகுதான் எழுந்து நிற்க முடியும்.

கொச்சி மட்டாஞ்சேரியில் நாங்கள் கட்டிய முதல் வண்டியில் வால் வரவே இல்லை. ஓட்டிப் பார்த்த ஜோபி சேட்டன் இடுப்பளவு தண்ணீரில் இருந்தபடி கத்தினார்:

"எடா அண்ணாச்சி, நீ உள்ள வச்சது எஞ்சினா, நங்கூரமா?"

ஜோபி சேட்டன் ஃபைபர் படகு கட்டுகிறவர். அண்ணாச்சி என்றது எஞ்சின் வேலை பார்க்கும் தமிழனான என்னை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் தையல் மெஷின், மங்களூரில் மீன்பிடிப் படகு, கோவாவில் ஜெட் ஸ்கீ ரிப்பேர் என்று சுற்றிவிட்டு அவரிடம் வந்து சேர்ந்தேன். எந்த ஊரிலும் இரண்டு மழைக்காலம் தங்கியதில்லை.

வண்டியைக் கேட்டவர் ரியாஸ் இக்கா. டூரிஸ்டுகளை ஜெட் ஸ்கீயில் ஏற்றிவிடும் ஒரு துறை வைத்திருந்தார். ஆள் தொண்ணூறு கிலோவுக்கு மேல். "என்னைத் தூக்கினா இன்னும் நாலு வண்டி சொல்றேன்" என்றிருந்தார். நாலு வண்டி வந்தால் மழைக்காலம் முழுக்க வேலை. வராவிட்டால் ஜோபி சேட்டன் படகோடு நிறுத்திக்கொள்வார், நான் பையைத் தூக்க வேண்டியதுதான்.

2. ஐம்பத்தெட்டிலிருந்து நாற்பத்தேழு

எஞ்சின், உடைந்துபோன பழைய சீட் வண்டி ஒன்றிலிருந்து எடுத்தது. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். நிறுக்க எங்களிடம் தராசு இல்லை. பக்கத்துச் சுக்கு கோடவுனில் மூட்டை நிறுக்கும் தராசு இருந்தது. அதன் பொறுப்பு நபீசா இத்தாவிடம். அவர் குடும்பம் தலைமுறையாக வீட்டில் தமிழ் பேசுகிற கொச்சிக் குடும்பம்.

"இரும்பை எடுத்துட்டு வந்துட்டியா? கிரீஸ் ஒட்டிச்சுன்னா உன் சட்டையாலதான் தொடைப்பேன்" என்பார். ஆனாலும் சாக்கை விரித்துக் கொடுப்பார்.

முதல் எடை, பைப்பு, பேட்டரி, பெட் எல்லாம் சேர்த்து ஐம்பத்தெட்டு கிலோ. ஆயில் பம்பையும் டாங்கையும் கழற்றிவிட்டு ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்தேன். கனமான சைலன்சர் பைப்புக்குப் பதில் அலுமினியத் தகட்டில் ஒன்று வெல்டிங் வைத்தேன். சின்ன லித்தியம் பேட்டரி போட்டேன். எஞ்சின் உட்காரும் இரும்பு பெட்டை எடுத்துவிட்டு அலுமினியத்தில் செய்தேன். அலுமினியம் வளையக்கூடாது என்று பெட்டைக் கொஞ்சம் நீளமாக்கினேன். அதனால் வண்டியின் அடியில் புதிதாக நாலு போல்ட் ஓட்டை போட வேண்டியிருந்தது.

பன்னிரண்டு நாள் வேலை. ஒவ்வொரு தடவையும் எஞ்சினை இறக்குவது, கோடவுனுக்குத் தள்ளுவது, நிறுப்பது. கடைசியில் நாற்பத்தேழு. நபீசா இத்தா தராசுக்குப் பின்னால் சுவரில் சாக்பீஸால் எழுதினார்.

அன்றைக்கு ஜோபி சேட்டன் ஏறினார், வால் வந்தது, நின்றார். அடுத்த நாலு நாள் எஞ்சின் பழக வேண்டும் என்று காலையும் மாலையும் ஓட்டினோம். ஐந்தாம் நாள் ரியாஸ் இக்கா வந்தார். வால் எழும்பவில்லை. மூன்று தடவை முயன்றுவிட்டுக் கரையேறினார். "ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுதான் கடைசி" என்றார்.

3. ஃப்ளைவீல்

"இன்னும் குறைக்கணும்டா. ஃப்ளைவீலைக் கடைஞ்சுடு" என்றார் ஜோபி சேட்டன்.

எனக்கு மனமில்லை. எஞ்சினைச் சீராகச் சுற்றவைக்கும் கனமான சக்கரம் அது. ஃப்ளைவீலை அதிகம் கடைந்தால் எஞ்சின் ஐடிலில் நிற்காது. கடைந்ததைத் திரும்ப ஒட்டவும் முடியாது. ஆனாலும் கழற்றினேன். லேத்துக்குப் போகும் வழியில், கடைவதற்கு முந்தைய எடையைக் குறிக்கக் கோடவுனுக்குள் நுழைந்தேன்.

நபீசா இத்தா சுக்கு மூட்டைகளைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மூட்டை வந்ததும் ஒரு எடை, முற்றத்தில் காய்ந்த பிறகு ஒரு எடை. இரண்டும் சுவரில் ஏறும்.

"வண்டி மறுபடியும் படுத்துக்கிச்சு இத்தா" என்றேன்.

"எஞ்சினைத்தானே தினமும் கொண்டாந்தே? வண்டியை எப்பம் நிறுத்தே?"

"எஞ்சின் வைக்கிறதுக்கு முன்னாடி. எண்பத்துநாலு. நீங்கதான் எழுதினீங்க."

"அது தண்ணில போறதுக்கு முந்தி. போய்ட்டு வந்தப்புறம்?"

பட்டறைக்குத் திரும்பினேன். ஃப்ளைவீலைத் திரும்ப மாட்டினேன். வண்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி முழுசாகக் கொண்டுபோய் வைத்தேன். எண்பத்துநாலும் நாற்பத்தேழும் நூற்று முப்பத்தொன்று. முள் நூற்று நாற்பத்துநாலில் நின்றது.

"பச்சை இஞ்சி மாதிரில்ல இருக்கு உன் வண்டி" என்றார் இத்தா.

4. நாலு ஓட்டை

எனக்கு உடனே புரிந்தது. வண்டி மூழ்காமலிருக்க அடியில் ஃபோம் அடைத்திருப்போம். நான் போட்ட நாலு ஓட்டையும் ஃபோம் வரை இறங்கியிருந்தன. போல்ட்டைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கும் ஸீலன்ட் வைக்கவில்லை. நாளைக்கு எடை போட மறுபடி கழற்றத்தானே போகிறோம் என்று விட்டிருந்தேன். எஞ்சினில் பதினொரு கிலோ எடுத்தேன். ஓட்டை வழியாகப் பதின்மூன்று கிலோ தண்ணீரை உள்ளே விட்டேன்.

முந்தைய ஊர்களிலும் தப்பு செய்திருக்கிறேன். அது வெளியே தெரிவதற்குள் பஸ் ஏறிவிடுவேன். அன்றைக்கும் பையை எடுத்துத் தோளில் போட்டேன். ஊரைவிட்டுப் போகப் படகு ஏறும் துறை ஐந்து நிமிட நடைதான். பன்னிரண்டு நாள் உழைப்பு கண்ணில் நின்றது. பையோடேயே போய் ஜோபி சேட்டனிடம் சொன்னேன்.

அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எத்தனை ஓட்டை?"

"நாலு."

"இதுக்கா நான் ஃப்ளைவீலைக் கடையச் சொன்னேன்? பையைக் கீழ வை. அறுக்கிற வாளு எங்க?"

அடித்தளத்தை அறுத்தோம். ஈர ஃபோமைப் பிடி பிடியாகப் பிடுங்கினோம். பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. நபீசா இத்தா முற்றத்தில் ஒரு மூலையைக் கொடுத்தார். மூன்று நாள் சுக்கோடு சுக்காக வண்டியும் வெயிலில் காய்ந்தது. பிறகு புது ஃபோம் அடைத்து ரெசின் போட்டு மூடினோம், போல்ட்டுகளைச் சுற்றி ஸீலன்ட் வைத்தோம். ரெசினும் ஸீலன்டும் சேர்த்த ஒரு கிலோவோடு நூற்று முப்பத்திரண்டு. ஒரு மணி நேரம் தண்ணீரில் ஓட்டிவிட்டுத் துடைத்து நிறுத்தோம். அதே நூற்று முப்பத்திரண்டு.

ஞாயிறன்று ரியாஸ் இக்கா முட்டி போட்டார். வால் தயங்கியது, பிறகு வந்தது. அவர் எழுந்து நின்று கையை ஆட்டினார். ஆட்டிய வேகத்தில் தண்ணீரில் விழுந்தார். மேலே வந்ததும் முதலில் கேட்டது, "அடுத்தது எப்போ தருவீங்க?"

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எதைக் குறைத்தோம் என்பதை மட்டும் நிறுக்காதீர்கள். தண்ணீருக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் முழு வண்டியை நிறுங்கள். எங்கே ஓட்டை போட்டீர்களோ அதை அன்றைக்கே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

இப்போது மூன்றாவது வண்டியின் வேலை நடக்கிறது. கோடவுன் சுவரில் சுக்குக் கணக்குக்குப் பக்கத்தில் எங்களுக்கென்று இரண்டு வரிசை உண்டு. கொச்சியில் எனக்கு இது இரண்டாவது மழைக்காலம்.