வெண்டல் போட்ட தாழ்ப்பாள்

குவேக்கர் கிறிஸ்தவர்களின் வழிபாட்டுக் கூடத்துக்குக் காவல்காரர், வாய்விட்டுப் பாடித் தொழும் பாப்டிஸ்ட் சபைக்காரர் என்றால் பிலடெல்பியாவில் யாரும் மூக்கில் விரல் வைக்க மாட்டார்கள். வாயே திறக்காமல் கடவுளைத் தொழுகிறவர்களுக்கு, கொதிகலனோடும் கதவோடும் மல்லுக்கட்ட ஒரு வாயாடி வேண்டாமா? அந்த வாயாடிதான் வெண்டல் ப்ரூயிட். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தால் மனைவி எர்னஸ்டைன் பாத்திரம் கழுவச் சொல்வாள் என்று பயந்து இந்த வேலைக்கு வந்து, இங்கே ஊரார் பாத்திரத்தையெல்லாம் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்களேன் வெண்டல், ஒரு நாள் எங்ககூட மௌனமா உக்காந்து பாருங்க" என்று அவர்கள் கூப்பிடுவார்கள்.

"செத்தப்புறம் அதைத்தானே பண்ணப்போறேன். இப்பவே என்ன அவசரம்?" என்பார்.

ஆனாலும் அந்தக் கூடத்தின் மேல் அவருக்கு உயிர். அதைவிட, அலுவலக அறையில் தனியாக வேலை பார்த்த மரிசோல் மேல் உயிர். காலையில் அவளுக்குச் சூடான பிரெட்சல் ரொட்டி வாங்கி, கடுகுச் சாந்தைத் தாராளமாகத் தடவிக் கொண்டுவந்து வைப்பார். "குண்டாயிடுவேன் வெண்டல்" என்று அவள் சிணுங்கினால், "ஆகட்டும்மா, காத்தடிச்சா பறந்துடாம இருப்ப" என்பார்.

ஒரு புதன்கிழமை, வாடகைக்கு உதவி கேட்டு ஒருவன் வந்தான். அடுத்த மாதம் குழு கூடித்தான் முடிவு செய்யும் என்றாள் மரிசோல். அவன் மேசையில் இருந்த காபிக் கோப்பையைத் தூக்கி வீசினான். அது அவள் தோளில் பட்டு உடைந்தது. அன்றிலிருந்து அவள் அறைக்கதவை உள்ளிருந்து ஒரு நாற்காலியால் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வேலை செய்தாள்.

"வாசக்கதவுக்கு ஒரு பூட்டும் அழைப்புமணியும் போடலேன்னா நான் வேற வேலை பாத்துக்கறேன், வெண்டல். எனக்கு நெஜமாவே முடியல" என்றாள்.

வெண்டல் குழுவிடம் போனார். குவேக்கர்களுக்குக் கையைத் தூக்கி ஓட்டுப் போடுகிற வழக்கம் இல்லை. எல்லாருக்கும் மனம் ஒத்துவர வேண்டும். ஒருவர் மனம் ஒப்பவில்லை என்றாலும் காரியம் அப்படியே நிற்கும். ஒப்பாத அந்த ஒருவர் காலேப் யார்னல். கணக்கு வாத்தியாராக இருந்தவர், தங்கமான மனுஷன். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்.

"தப்பி ஓடிவந்த அடிமைங்களுக்கு எங்க முன்னோருங்க திறந்து வெச்ச கதவு இது. பகல்ல இதைப் பூட்டினதே இல்ல" என்றார்.

"காலேப், தட்டுங்கள் திறக்கப்படும்னுதானே வேதத்துல இருக்கு? தட்டவே வேணாம்னா இருக்கு?" என்றார் வெண்டல்.

காலேப் விழுந்து விழுந்து சிரித்தார். மனசு மட்டும் அசையவில்லை.

வெண்டல் வயிற்றெரிச்சலோடு ஒரு மாட்டுமணியை வாங்கிவந்து கதவில் கட்டினார். யார் வந்தாலும் ஊரே அதிரும். ஞாயிறு வழிபாட்டில் அது மௌனத்தைக் கலைக்கிறது என்று காலேப் கேட்டுக்கொண்டதால், ஞாயிறு மட்டும் அவிழ்த்து வைப்பார்.

அப்படி அவிழ்த்த ஒரு ஞாயிறு. கூடத்தில் எல்லாரும் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். கீழ்த்தளத்தில் வெண்டல் கொதிகலனைத் திட்டிக்கொண்டிருந்தார். வழிபாடு முடிந்ததும் பரிமாறும் சூப்புக்காக மரிசோலும் வந்திருந்தாள். அப்போது கோப்பை வீசிய அதே ஆள் உள்ளே வந்தான். கையை ஓங்கியபடி, வாசலுக்குப் போகும் வழியை மறித்து நின்றான். அவள் பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து, வழிபாட்டு அறையின் கதவுக்குள் வந்து நின்றாள்.

"எனக்குப் பயமா இருக்கு. நான் தனியா இருக்கேன். யாராவது வாங்களேன்" என்றாள்.

ஒருவரும் அசையவில்லை. அங்கே வழிபாட்டின் நடுவே பரிசுத்த ஆவி ஏவினால் யாராவது எழுந்து நாலு வார்த்தை சொல்வார்கள். கேட்டவர்கள் பதில் பேசாமல், கண் திறக்காமல், அதை மனதில் வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. எல்லாரும் மரியாதையாக இருந்தார்கள். முன்பெஞ்சில் இருந்த காலேப்பின் மூடிய கண்ணிலிருந்து நீர்கூட வழிந்தது.

கொதிகலன் குழாய் வழியாக அந்தக் குரல் கீழே கேட்டது. முழங்கால் வலியை மறந்து வெண்டல் படியேறி ஓடிவந்தார்.

"அட கண்ணைத் திறங்கய்யா! அவ ஒண்ணும் பிரசங்கம் பண்ணல, உங்களைத்தான் கூப்பிடுறா!"

எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். கூடம் முழுக்க நடைவழிக்கு வந்து, மரிசோலைச் சுற்றி, பேசாமல் நின்றது. அத்தனை பேர் அடிக்கவும் இல்லாமல் திட்டவும் இல்லாமல் நின்றால் ஒருவன் என்னதான் செய்வான்? ஓங்கிய கை தானாக இறங்கியது. யாரோ நீட்டிய காபியைப் பாதி குடித்துவிட்டுத் தலை குனிந்து போய்விட்டான். மரிசோல் வெண்டலின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெண்டலும் அழுதார், மறைக்கவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் காலேப் எழுந்தார்.

"அன்னிக்கு மரிசோல் பேசினப்போ, கடவுள்தான் அவ வாயால பேசுறார்னு நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கிறேன்" என்றார். "பூட்டைப் போடுங்க."

திங்கட்கிழமை வெண்டல் விசிலடித்துக்கொண்டே அழைப்புமணியும் பூட்டும் மாட்டினார். பழைய கதவை நம்பாமல், உள்பக்கம் ஒரு கனத்த தாழ்ப்பாளும் போட்டார். திருகாணியை முடுக்கி நிமிர்ந்தால், காலேப் ஒரு பிளாஸ்க்கோடு நின்றிருந்தார்.

"தட்டினா திறக்கப்படும்னீங்களே, திறக்க ஆள் வேணாமா? குளிர்ல யாரும் வெளிய நிக்கக் கூடாது. தினமும் நான் வந்து உக்காந்துக்கறேன்."

"நீங்களா? அன்னிக்கு அவ எதிர்ல நின்னு கூப்பிட்டப்பவே எந்திரிக்கல!"

"அதான் வெண்டல், இனிமே கண்ணைத் திறந்துக்கிட்டே உக்காரப்போறேன்."

மரிசோலுக்கு உள்ளே எல்லாம் கேட்டது. இத்தனை நாள் தன் அறைக்கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த நாற்காலியை இழுத்து எடுத்தாள். நடைவழிக்குக் கொண்டுவந்து, காலேப்புக்குப் போட்டாள்.